மணல் லாரியில் வந்த "டைனோசர் எலும்பு"

சென்னை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்னைப் பதிப்பில் சென்ற வாரம் "கொசஸ்தலை மணலில் டைனோசர் எலும்பு?" என்ற தலைப்புடன் ஒரு படச்செய்தி வெளியாகியிருந்தது. ஆவடியை அடுத்த ஒரு கட்டுமான இடத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் சல்லடையில், ஒரு சாண் நீளமும் மணிக்கட்டுப் பருமனும் உள்ள பழுப்பு நிறக் கல் ஒன்று தங்கியது என்றும், அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைனோசரின் கால் எலும்பாக இருக்கலாம் என்று அப்பகுதியினர் கருதுவதாகவும் செய்தி கூறியது. கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அந்தப் படத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியாமல், வீட்டுக்காரரின் அனுமதியோடு நேரில் சென்று அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது டைனோசர் எலும்பன்று, எலும்பே அன்று. அது கல்மரம், அதாவது மண்ணுக்குள் புதைந்து கல்லாக மாறிய மரம்.

இதைச் சொல்லி முடிக்க நான்கு வரிகள் போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால், எலும்பு என்று ஒருவரும் மரம் என்று இன்னொருவரும் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிவிட்டுப் போவதால் வாசகர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏரி தூர்வாரும்போதும், கால்வாய் வெட்டும்போதும், மணல் சலிக்கும்போதும் புரியாத கற்கள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை வெறுங்கற்கள். எப்போதாவது ஒன்று உண்மையிலேயே அரியதாக இருக்கும். அந்த ஒன்றை இழக்காமல் இருக்க வேண்டுமானால், "இது என்ன?" என்று கேட்பதற்கு முன்பே "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாக வேண்டும். தங்கள் செய்தி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதே என் முதல் குறை.

கொசஸ்தலை என்ற ஆற்றின் பெயர் செய்திக்குள் எப்படி நுழைந்தது என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். மணல் கொண்டுவந்த லாரி திருவள்ளூர் சாலை வழியாக வந்தது என்பதைத் தவிர அவரிடம் வேறு ஆதாரம் இல்லை. மணலை விற்றவரோ, யார்டில் இரண்டு மூன்று இடத்து மணல் ஒன்றாகக் கொட்டப்பட்டிருந்தது, எது எந்த ஆற்றினது என்று தம்மால் சொல்ல இயலாது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். சென்னையில் வீடு கட்டும் எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. நல்ல ஆற்று மணல் கிடைப்பதே அரிதாகி, எம்-சாண்டுக்கு எல்லோரும் பழகிவிட்ட இக்காலத்தில், ஆவடியில் கொட்டப்படும் ஒரு லோடு மணல் பாலாற்றினதாகவும் இருக்கலாம், தென்பெண்ணையினதாகவும் இருக்கலாம், கொள்ளிடத்தினதாகவும் இருக்கலாம், ஆந்திர எல்லையைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே, "கொசஸ்தலை மணலில்" என்ற சொற்களுக்குத் தங்கள் தலைப்பு ஒரு கேள்விக்குறி இட்டிருக்க வேண்டும். அதுவோ எலும்புக்கு மட்டும் கேள்விக்குறியை இட்டுவிட்டு ஆற்றை உறுதிப்படுத்திவிட்டது.

இடம் தெரிவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பல்லாவரத்தை நினைவூட்டலாம். 1863 மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதர் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசஸ்தலையாற்றின் கிளை ஓடை ஒன்றின் கரையில் உள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் படிவு என்று அவர் எழுதி வைத்ததால்தான், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துத் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அதே இடத்தில் முறையாகக் குழி தோண்டி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று 2011-இலும், அதே இடத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முந்தையவை என்று 2018-இலும் உலகுக்கு அறிவிக்க முடிந்தது. அதே கருவி ஒன்று லாரி மணலோடு வந்து நம் வீட்டு வாசலில் விழுந்திருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வேடிக்கை பார்க்கலாமே தவிர, அதன் வயதை எவராலும் சொல்லியிருக்க முடியாது.

கொசஸ்தலையாறு என்றே வைத்துக்கொண்டாலும் அதில் எவ்வகைக் கற்களை எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. விருத்த க்ஷீர நதி என்று, அதாவது பழைய பாலாறு என்று, அந்த ஆற்றுக்கு முன்னொரு பெயர் வழங்கியது. பாலாறு ஒரு காலத்தில் அந்த வழியாக ஓடிக் கடலை அடைந்தது என்பது நிலவியலாளர்கள் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட கருத்து. மேற்கே நகரி மலைகளின் குவார்ட்சைட் பாறையிலிருந்தும், அல்லிக்குழி மலைகளின் உருளைக்கற் படிவங்களிலிருந்தும் வந்த கூழாங்கற்கள்தாம் அதன் சரளையில் மிகுதி. ஆதிமனிதர் கைக்கோடரி செய்யத் தேர்ந்ததும் அவற்றையே. இடையிடையே வெங்கச்சங்கல், செம்பூராங்கல் உருண்டைகள், சுக்கான்கல் முடிச்சுகள் ஆகியவை கலந்திருக்கும். அதிரம்பாக்கத்தில் பண்டை விலங்குகளின் பற்கள் சில கிடைத்திருக்கின்றன. எனவே, அந்தப் பகுதியில் எலும்பே கிடைக்காது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவை மாடு, குதிரை போன்ற பாலூட்டிகளின் காலத்தவை. டைனோசர்கள் மறைந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் டைனோசர் காலத்துப் படிவங்கள் உண்டென்பது உண்மை. ஆயினும் அவை பெயர்பெற்றது இலைப் பதிவுகளுக்காக. தமிழ்நாட்டில் டைனோசர் எலும்பைத் தேட வேண்டிய இடம் அரியலூர்ப் பக்கம்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன். முதலில் அதை எடையிட்டேன். வீட்டுச் சமையலறையில் இருந்த எலக்ட்ரானிக் தராசே போதுமானதாக இருந்தது. உலர்ந்த நிலையில் கல்லின் எடை 1,250 கிராம். பிறகு, பாதியளவு தண்ணீர் நிரப்பிய ஒரு அகன்ற பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 475 என்று காட்டியது. கல் தன் கன அளவுக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. அந்தத் தண்ணீரின் எடையே அந்த 475 கிராம். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் 2.63 வருகிறது. சிலிக்காவால் ஆன கனிமமாகிய தூய குவார்ட்சின் அடர்த்தி எண் 2.65. இரும்புத் தாதுக்கள் என்றால் 5-ஐ ஒட்டி வரும். இரும்பு உருக்கிய கிட்டம் பெரும்பாலும் 3-க்கு மேல் நிற்கும். ஆகவே கல்லின் உடல் சிலிக்காவால் ஆனது என்பதற்கு இது நல்ல அறிகுறி. அறிகுறிதானே தவிர முடிவன்று, ஏனெனில் சுண்ணாம்புக் கல்லும் 2.7-ஐ ஒட்டியே வரும்.

சுண்ணாம்பைப் பிரித்தறிவது எளிது. கல்லின் ஒரு மூலையில் ஊசியால் சுரண்டிப் புதுப்பரப்பை வெளிப்படுத்தி, அதன்மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு குமிழியும் எழவில்லை. சுரண்டாமல் மேற்பரப்பில் விட்ட சொட்டு மட்டும் ஓரிடத்தில் லேசாக நுரைத்தது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆற்றங்கரை மண்ணில் கிடக்கும் எந்தக் கல்லின்மீதும் சுண்ணாம்புப் பொருக்கு படியும். நுரைப்பது பொருக்கே தவிரக் கல்லன்று. கழிவறை கழுவ விற்கும் ஆசிட்டை ஊற்றிப் பார்க்கலாமா என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. கைக்கும் கண்ணுக்கும் கேடு என்பது ஒருபுறம் இருக்க, உண்மையிலேயே எலும்பாகவோ கிளிஞ்சலாகவோ இருந்துவிட்டால் அந்த ஆசிட் அதை அரித்துத் தின்றுவிடும்.

அடுத்தது கடினம். பழைய கண்ணாடித் துண்டின்மீது கல்லின் விளிம்பை அழுத்தி இழுத்தபோது கண்ணாடியில் தெளிவான கீறல் விழுந்தது. பேனாக்கத்தியால் கல்லைக் கீறியபோது கல்லின்மீது சாம்பல் நிறக் கோடு ஒன்று தோன்றியது. "பாருங்கள், கீறல் விழுகிறது" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். ஈரக் கட்டைவிரலால் துடைத்ததும் கோடு போய்விட்டது. கல் கத்தியைத் தேய்த்ததனால் ஒட்டிய இரும்புத் துகள்தான் அந்தக் கோடு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் வரிசையில் எலும்பின் கனிமம் 5-இல் நிற்பது, குவார்ட்ஸ் 7. கல்லாக மாறிய எலும்பு சில வேளைகளில் சிலிக்காவாலும் நிரம்பியிருக்கும் என்பதால், கடினம் ஒன்றை வைத்தே எலும்பன்று என்று தள்ளிவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துளையுள்ள பழைய எலும்பு நாக்கில் ஒட்டும் என்று நிலவியல் மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படும் ஒரு பழஞ்சோதனை உண்டு. நம் ஆறுகளில் இன்று ஓடுவது என்ன என்பதை அறிந்தவன் ஆகையால் அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவைத் தந்தது பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சும் ஒரு குவளைத் தண்ணீரும்தான். கல்லின் ஒடிந்த முனையைக் கழுவி, ஈரம் உலர்வதற்குள் சாய்வான வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு என்றால் வெளியே கெட்டியான ஓடும், உள்ளே ரஸ்க் ரொட்டியின் வெட்டுமுகம் போன்ற வலைத்துளைகளும் தெரிய வேண்டும்; கால் எலும்பு என்றால் நடுவே மஜ்ஜை இருந்த வெற்றிடமோ அது நிரம்பிய தடமோ இருக்க வேண்டும். இங்கே ஓரத்திற்கும் நடுவிற்கும் வேறுபாடே இல்லை. வெட்டுமுகம் முழுவதும் ஊசிமுனை அளவான புள்ளிகள் சிதறியிருந்தன. அவற்றுக்கிடையே மையத்திலிருந்து வெளிநோக்கி மிக மெல்லிய கோடுகள் சென்றன. புள்ளிகள், மரம் உயிரோடிருந்தபோது நீரேறிய நாளங்கள். கோடுகள், மரத்தச்சர்கள் பலகையில் நாள்தோறும் பார்க்கும் அதே ஆரைக்கீற்றுகள். கல்லைப் பக்கவாட்டில் திருப்பினால், அந்த நாளங்களே நீளவாக்கில் இழைகளாக ஒரே திசையில் ஓடின.

அதைவிடச் சுவையானது, செய்தியில் "மூட்டுப் பகுதி" என்று குறிப்பிடப்பட்டிருந்த தடித்த முனை. தொலைவிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது எலும்பு மூட்டாகவே தோன்றும். படத்தை மட்டும் பார்த்தவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆனால் லென்சின் கீழ், நேராக ஓடிவந்த இழைகள் அந்தப் புடைப்பை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றி வளைந்து, மறுபுறம் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. புடைப்பின் நடுவில் இழைகள் வெளிநோக்கித் திரும்பியிருந்தன. அது கிளை முளைத்த கணு. தச்சுப்பட்டறை வைத்திருக்கும் எவரிடமும் அந்தக் கல்லைக் கொடுத்திருந்தால், நிலவியல் பட்டம் இல்லாமலே ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

எந்த மரம் என்பதை இப்படிச் சொல்ல முடியாது. அதற்குக் கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இன்றைய மரங்களின் அமைப்போடு ஒப்பிட வேண்டும். சிதறிய நாளத்துளைகள் தெளிவாகத் தெரிவதால் பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது என்ற அளவுக்குச் செல்லலாம். ஊசியிலை மரங்களில் இத்தகைய நாளங்கள் இரா.

எலும்புக்கும் கல்மரத்துக்கும் இடையிலான குழப்பம் மணல் சலிப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1987-இல் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை அறிவித்தார்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருக்கலாம் என்ற மதிப்பீடு எழுந்தது. கூடவே, அவை எலும்புகள்தாமா அல்லது கல்லான அடிமரங்களா என்ற ஐயமும் எழுந்தது. மிகவும் சிதைந்த நிலையில் இருந்த அந்த எலும்புகள் காப்பாற்றப்படாமல் பொடிந்து அழிந்துபோனதால், மறுபடி கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. அகழ்ந்தபோது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகே, அவை எலும்புகள் என்ற தரப்புக்கு வலு கூடியது. நிபுணர்கள் நிலத்திலேயே கண்டெடுத்த பொருளுக்கே இந்த நிலை என்றால், லாரியில் வந்த துண்டுக்கு அரை மணி நேரத்தில் டைனோசர் பட்டம் கட்டுவது எவ்வளவு துணிச்சல் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கல்மரம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை; ஆனால் கல்லிலேயே இரண்டு தடயங்கள் உள்ளன. ஒன்று, கணுவின் அடியில் உள்ள பிளவில் துருச்சிவப்பு நிறமுள்ள பருமணல் இறுகிப் பிடித்திருந்தது. ஆற்று மணலில் புதிதாகச் சிக்கியது என்றால் ஊசியால் தொட்டதும் உதிர்ந்திருக்கும். இது இரும்புச் சத்தால் பிணைக்கப்பட்ட மணற்கல். மரம் முதலில் புதைந்த பாறையின் மிச்சம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அத்தகைய சிவந்த மணற்கல் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உண்டு. அவ்வூர்க் கல்மரங்களைப் பற்றிப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 18-ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். இன்று அது தேசியக் கல்மரப் பூங்காவாக, 247 ஏக்கர் பரப்பில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குச் செல்பவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமை உடையவை எனக் கருதப்படும் அந்த அடிமரங்களில் பட்டையோ கிளையோ வேரோ இல்லை என்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்று நிலவியலாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மணலுக்குள் காற்றுப் படாமல் கிடந்த மரத்தில், நிலத்தடி நீரில் கரைந்துவந்த சிலிக்கா ஒவ்வொரு திசுவறையாக ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்பகுதியில் ஓடும் சங்கராபரணியாற்றின் வழியாகத் துண்டுகள் கீழே வருவது இயல்பே. ஆயினும் சென்னைக்கு வடமேற்கே சத்தியவேடு மலைகளிலும் சிவந்த மணற்கல் உண்டு என்பதால், திருவக்கரை என்று அறுதியிட்டுச் சொல்ல நான் தயாராக இல்லை.

இரண்டாவது தடயம் விளிம்புகள். ஆற்றில் நெடுந்தொலைவு உருண்ட கல்லில் எல்லா மூலையும் மழுங்கியிருக்கும். இந்தக் கல்லின் பக்கங்கள் ஓரளவு மழுங்கியிருக்கின்றன. ஆனால் ஒடிந்த முனை கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாகவும், நிறத்தில் வெளுப்பாகவும், மண்கறை இல்லாமலும் இருக்கிறது. அது ஆற்றில் ஒடிந்ததன்று. மணல் அள்ளிய பொக்லைனின் பற்களில் பட்டு அண்மையில் ஒடிந்தது. அப்படியானால் மறுபாதி இன்னும் அந்த ஆற்றுப்படுகையிலோ, அதே நாளில் வேறு எங்கோ கொட்டப்பட்ட மணல் குவியலிலோ இருக்க வேண்டும். அதே மணலை வாங்கியவர்கள் எவரேனும் இதைப் படித்தால், சல்லடையில் தங்கிய கற்களை ஜல்லியோடு கொட்டிவிடாமல் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்றுப் படிவுகளில் கிடைத்துப் பிறரை மயக்கும் வேறு சில பொருள்களையும் இங்கே குறிப்பிடலாம். மர வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி, வேர் மக்கியபின் நடுவே துளையோடு நிற்கும் சுக்கான்கல் குழல்கள், மஜ்ஜை போன எலும்பென்றே தோன்றும். கத்தி அவற்றில் எளிதாக இறங்கும், வினிகரில் நுரைக்கும். கல்லின் பிளவுப் பரப்பில் மாங்கனீசு படர்ந்து வரைந்த கரிய கிளைக்கோலங்களைப் பெரணியின் பதிவு என்று நம்பிக் கொண்டுவந்தவர்கள் பலர். உண்மையான இலைப்பதிவில் நடுநரம்பும் ஒழுங்கான கிளைநரம்பும் இருக்கும், மாங்கனீசுக் கோலத்தில் அவை இரா. களிமண் உருண்டை உள்ளே வெடித்து, வெடிப்புகளில் கால்சைட் நிரம்பிய கட்டிகள் ஆமை ஓடாகக் காட்டப்படுகின்றன. விண்கல் என்று வருவதில் மிகப் பெரும்பகுதி இரும்புக் கிட்டம். குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது விண்ணிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மின்னும் காக்காப்பொன்னைப் பற்றி எழுதத் தேவையில்லை.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரிமண் எடுத்தபோது வெளிப்பட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று கைப்பேசிகளில் பரவிக் கூட்டம் கூடியது தங்களுக்கு நினைவிருக்கும். அவை கடல்வாழ் உயிரினமான அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கற்கட்டிகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் ஊடகங்களுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம். பெரம்பலூரில் கடல் இருந்தது என்பதற்குக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று அது. அந்த உயிரினத்தின் உறவுகளைத்தான், நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம் என்ற பெயரில், நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் துளசியும் தீர்த்தமும் இட்டுப் பூசிக்கிறார்கள். இமயத்தின் கருங்களிப்பாறையில் புதைந்திருந்த ஜுராசிக் காலக் கடலுயிரியை ஆறு அரித்தெடுத்து உருட்டிக் கொண்டுவந்து தருகிறது. சக்கர வடிவம் அதன் ஓட்டின் அறைகள். அந்தக் கல் எங்கு கிடைக்கும் என்பது முற்காலத்திலேயே தெளிவாக அறியப்பட்டிருந்ததால்தான், பிற்கால ஆய்வாளர்கள் அந்த ஆற்றின் வழியே மேலேறி அதன் மூலப் பாறையைச் சேர்த்துப் பார்ப்பது எளிதாயிற்று.

படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வதில் உள்ள ஆபத்துக்கும் அண்மைக்கால எடுத்துக்காட்டு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகை ஒன்றின் கூரையில் தெரிந்த வடிவத்தை, 55 கோடி ஆண்டுப் பழைமையான டிக்கின்சோனியா என்ற உயிரினத்தின் பதிவு என்று 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பின்னர் வேறொரு குழுவினர் நேரில் சென்று பார்த்தபோது அது உதிர்ந்துகொண்டிருந்தது; அது பாறையில் ஒட்டிய பழைய தேன்கூட்டின் மிச்சம். முதலில் எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மை பாராட்டத்தக்கது. அதே பெருந்தன்மையைத் தங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதுதான். புரியாத கல்லைக் கண்டால், எடுப்பதற்கு முன் அது கிடக்கும் நிலையிலேயே, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடக் குறிப்பை இயக்கி வைத்திருந்தால் இடம் தானாகவே பதிவாகிவிடும். மணல், சரளை, களி என்று எந்த அடுக்கிலிருந்து வந்தது, மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்பதைக் குறித்து வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவாதீர்கள். மேலே நான் சொன்ன சிவந்த மணல் கழுவப்பட்டிருந்தால் திருவக்கரையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமே இருந்திராது. எண்ணெயோ வார்னிஷோ மஞ்சள் குங்குமமோ பூசாதீர்கள். ஆவடிக் கல்லுக்கு நான் போவதற்குள்ளாகவே ஒரு பொட்டு வைக்கப்பட்டிருந்தது என்பதை வருத்தமில்லாமல், ஆனால் கவனத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டுதான். ஃபுட் சேகரித்த கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பொதுமக்கள் தாங்கள் கண்டெடுத்த கல்லைக் கொண்டுவந்து காட்டி, என்னவென்று கேட்டு, ஒரு சீட்டு எழுதி வாங்கிச் செல்லும் ஏற்பாட்டை அங்கே செய்யலாம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை அலுவலகமும், நகரில் நிலவியல் துறை உள்ள கல்லூரிகளும் முறைவைத்து ஓர் ஆளை அனுப்பினால் பெரிய செலவு எதுவும் ஆகாது. புவிமரபுச் சின்னங்களைக் காப்பதற்கான வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. சட்டம் எப்போது வந்தாலும் வரட்டும், கல்லைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒருவரை மேசை போட்டு உட்கார வைப்பதற்குச் சட்டம் தேவையில்லை.

ஆவடிக் கல்லைப் பொறுத்தவரை, அதற்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று சிலர் ஆசை காட்டியிருக்கிறார்கள். கல்மரத் துண்டுக்கு அப்படி ஒரு விலை கிடையாது என்பதை வீட்டுக்காரருக்கும், கண்டெடுத்த தொழிலாளிக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க இருவருக்கும் மனம் இருக்கிறது. கண்டெடுத்தவர் என்று தம் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும் என்பது மட்டுமே தொழிலாளியின் நிபந்தனை, அது நியாயமானதும்கூட. இக்கடிதத்துடன் ஒடிந்த முனையையும் கணுவையும் அருகிலிருந்து எடுத்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவில், இந்தப் படங்களையும் வெளியிட்டு, கல் கிடைத்த ஆறு எது என்று தெரியவில்லை என்ற திருத்தத்தையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
மேற்கு மாம்பலம், சென்னை